நல்லா இருக்கேன் சார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் ஆளுக்கொரு வேலை இருக்கும். கறிக்கடைக்குப் போகிறவர் போவார், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சண்டை போடுகிறவர் போடுவார். முனிரத்தினத்துக்கு உள்ளங்கையைச் சீவுகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் தட்டி கட்டிய மறைப்பில் குந்திக்கொண்டு, சுடுதண்ணீரில் அரை மணி நேரம் கையை ஊறப்போட்டு, பாதி பிளேடால் சீவுவான். சோளமணி சோளமணியாகத் தடித்துக் கிடந்த தோல் சுருள் சுருளாக உதிரும். கை முடிந்ததும் பாதம், அதன் பிறகு தேங்காய் எண்ணெய். ஒரு மணி நேரத்தில் ஆபீஸ் குமாஸ்தா கை மாதிரி ஆகிவிடும்.

மார்பிலும் முதுகிலும் இருந்த புள்ளிகளை என்ன செய்ய? புழுதி ரோட்டில் நாலு தூறல் விழுந்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாக இருந்தன. பூமிக்கடியில் அந்தச் சூட்டில் மற்றவர்கள் வெறும் உடம்போடு வேலை செய்ய, இவன் மட்டும் முழுக்கைப் பனியனில் வெந்துகொண்டு நிற்பான். யாராவது கேட்டால் மிலிட்டரியில் பழகிவிட்டது என்பான். அந்தப் புள்ளி மிலிட்டரியில் வந்தது என்பது பொய்யில்லையே.

வருஷத்துக்கு ஒரு தரம் சுரங்கத்தில் மெடிக்கல் நடக்கும்; பனியனுக்கு மேலேயே குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கைகாலைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அந்த வாரம் லைனைப் பார்க்க வேண்டும். கல்தூசி நெஞ்சில் ஏறி இருமுகிறவன் எல்லாம் தேனும் மிளகுமாகத் தின்று தொண்டையை அடக்குவான். பெண்டாட்டிமார் புருஷனை உட்காரவைத்து, "மூச்சை இழு, இருமாம விடு" என்று ஒத்திகை பார்ப்பார்கள். பாஸானால் அன்றைக்கு அந்த வீட்டில் கறிக்குழம்பு. அதற்கு மெடிக்கல் கறி என்றே பேர். ஃபெயிலானால் வேலையும் போச்சு, ஒரு மாதத்தில் லைன் வீடும் போச்சு. அதனால் டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன் சார்" என்றுதான் சொல்லவேண்டும். அம்மா, அப்பா என்பதற்கு அடுத்தபடி லைன் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும். நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் கூரை அந்த நாலைந்து வார்த்தையில் நின்றது.

1970ஆம் வருஷத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளேடும் கையுமாக இருந்தபோது தட்டியை விலக்கிக்கொண்டு பழைய பட்டாளக் கூட்டாளி மாணிக்கராஜ் வந்து நின்றான். பேத்தமங்களாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். கையில் ஒரு கவர், காலில் துணிச் சுற்று. முனிரத்தினம் சட்டென்று கையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். அதற்குள் மாணிக்கராஜ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

"உனக்கும் இந்த நோவு கீதாண்ணா?" என்று கேட்டான்.

முனிரத்தினம், யாரிடமும் சொல்லிவிடாதே என்றான். மாணிக்கராஜ் தன் குழந்தை மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்றான். அவன் அப்படிப்பட்ட ஆள். சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணம்தான் அவனைக் கொன்றது என்று பிற்பாடு முனிரத்தினம் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இருவரும் ஒரே லைனில் பிறந்தவர்கள். சீனாச் சண்டை முடிந்த சூட்டில் ஆள் எடுத்தபோது ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். வடகிழக்கே ஒரு வெடிமருந்துக் கிடங்கில் போட்டார்கள். அங்கே துப்பாக்கி தூக்கிய நாளைவிடப் பம்பு தூக்கிய நாள்தான் அதிகம். கிடங்கைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கோரைப்புல். வெயில் காலத்தில் அது பற்றிக்கொண்டால் கிடங்கே வானத்துக்குப் போய்விடும். அதனால் தகர டிரம்மில் வந்த, புல்லைக் கருக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொன்னார்கள். ஆறு மாதம், இருவருக்கும் ஒரே பம்பு. ஒருவன் அழுத்துவான், ஒருவன் குழாய் பிடிப்பான். காற்று திரும்பினால் மூஞ்சியிலேயே விழும். அந்தப் புல்லைத் தின்ற மாடு மூன்றாம் நாள் செத்தது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். அந்த வயசு அப்படி. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று ஹவில்தார் சொன்னார். கழுவத் தண்ணீர் எங்கே இருந்தது?

ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பும்போது பட்டாளத்திலும் ஒரு மெடிக்கல் வைத்தார்கள். மாணிக்கராஜுக்கு அப்போதே பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. டாக்டரிடம் சொல்லட்டுமா என்று கேட்டான். முனிரத்தினம்தான் தடுத்தான். வெளியே போனால் சுரங்க வேலைக்கு எழுதிப்போடணும், காகிதத்தில் நோய் என்று ஏறிவிட்டால் எவன் எடுப்பான், வாயைத் தொறக்காதே என்றான். இருவரும் போய், நல்லா இருக்கோம் சார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். லைன் புத்தி. வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

சுரங்கத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. ஒரே வருஷத்தில் மாணிக்கராஜ், மரத்த கால் வைத்த இடம் தெரியாமல் ஏணியிலிருந்து விழுந்தான். பரிசோதித்த டாக்டருக்குக் கையையும் காலையும் பார்த்து என்ன நோய் என்று தெரியவில்லை. தெரியாத நோய்க்கு ஆள் தகுதியில்லை என்று எழுதினார். அடுத்த மாதம் அவன் பெண்டாட்டி சரோஜம்மா பாத்திரம் பண்டத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பேத்தமங்களாவில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். லைனே வாசலில் நின்று பார்த்தது. முனிரத்தினமும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்று பார்த்தான்.

பேத்தமங்களாவில் எல்லோரும் பெருநோய் என்றார்கள். டீக்கடையில் தனி டம்ளர். மச்சான், ஏரிக்கரைப் பம்புசெட் கொட்டகையில் படுக்கச் சொல்லிவிட்டான். மாணிக்கராஜ் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கே போய் ஊசி குத்திப் பார்த்து, இல்லை என்று எழுதி வாங்கிவந்தான். ஊர் அதைப் படித்துவிட்டு, "சரி, அது இல்லைன்னா பின்ன இது இன்னா நோவு?" என்று கேட்டது. நாலு வயசு மகள் தூரத்தில் நின்று அப்பாவுக்கு டாட்டா காட்டிவிட்டு ஓடுவாள். கிட்டே வந்தால் மாமன் அடிப்பான்.

அவன் கொண்டுவந்த கவரில் இருந்தது பட்டாளத்து மருத்துவ போர்டின் கடிதம். மூன்று வருஷமாக மனுமேல் மனு போட்டு வாங்கியது. பெங்களூரில் இன்ன தேதிக்கு நேரில் வா, உடம்பைப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு சிக்கல். கிடங்குப் பதிவேட்டில் புல் வெட்டும் வேலை என்றுதான் இருக்கிறதாம், மருந்து பற்றி ஒரு எழுத்து இல்லையாம். அதே இடத்தில் அதே வேலை செய்த ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துவர வேண்டும்.

"பென்ஷன் குடுத்தா குடுக்கட்டும் குடுக்காட்டி போவட்டும்ணா. இது மருந்தால வந்துச்சு, தொத்தாதுன்னு சர்க்கார் முத்திரையில ஒரு காயிதம் வோணும். எம்பொண்ணு கிட்ட வரணும். அவ்ளோதான்," என்றான் மாணிக்கராஜ்.

முனிரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டான். சொன்னது மனசார.

அவன் மனைவி ஞானசுந்தரி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாணிக்கராஜ் போனபிறகு அழுதாள். அவளை யாரும் கெட்டவள் என்று நினைத்துவிடக்கூடாது. மாட்டுவண்டியில் சரோஜம்மாவின் பாத்திரத்தைத் தூக்கி வைத்தவளே அவள்தான். இரண்டு பிள்ளைகள், ஒரு கூரை, அவள் பயம் அவளுக்கு. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"போய்ச் சாட்சி சொல்லுங்க. மருந்து அடிச்சோம்னு கற்பூரம் அணைச்சிச் சொல்லுங்க. உங்க கையப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க. அது காகிதத்துல ஏறிச்சுன்னா சுரங்கத்துக்கும் தெரிஞ்சுடும்."

இருவருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நண்பனுக்கும் காகிதம் கிடைக்கும், நமக்கும் வேலை நிற்கும். புறப்படும் நாளுக்கு முந்தைய தினம் முனிரத்தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கையைச் சீவினான். ஞானசுந்தரி எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

பங்காருபேட்டை ஸ்டேஷனில் மாணிக்கராஜ் முன்னாலேயே வந்து காத்திருந்தான். பெஞ்சியில் அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். முனிரத்தினம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சரோஜம்மா கட்டிக்கொடுத்த களி உருண்டையை ரயிலில் இருவரும் பிய்த்துத் தின்றார்கள். ரொம்ப நாளைக்கப்புறம் ஒருத்தரோட ஒரே இலையில் தின்கிறேன் என்றான் மாணிக்கராஜ்.

போர்டில் மேஜர் டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், உட்காரவைத்துத் தமிழிலேயே பேசினார். மாணிக்கராஜின் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதத்தில் குண்டூசியால் தொட்டார். இது ஆர்சனிக் பாஷாணம் செய்கிற வேலை மாதிரி இருக்கிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டதும் மாணிக்கராஜ் முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மூன்று வருஷமாக ஊர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

அடுத்து சாட்சி. முனிரத்தினம் நன்றாகவே சொன்னான். டிரம், பம்பு, காற்று, செத்த மாடு, தண்ணீர் இல்லாத கதை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். மேஜர் ஆர்வமாக எழுதிக்கொண்டே வந்தார். பிறகு நிமிர்ந்து, நீயும் அடித்தாயா என்று கேட்டார். அடித்தேன் சார், ஒரே பம்புதான் சார் என்றான். ஆறு மாதமும்? ஆறு மாதமும் சார்.

"உனக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும்தான். ஆனாலும், யோசித்துத் திட்டம் போட்டு அப்போது பொய் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அப்படிக் கேட்டதும், முதுகு தானாக நிமிர்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கேன் சார்."

"கையைக் காட்டு," என்றார் மேஜர்.

காட்டினான். வழவழவென்று இருந்தது. மேஜர் அதைத் தொட்டுப் பார்த்தார், விரலில் எண்ணெய் ஒட்டியது, துடைத்துக்கொண்டார். சுரங்க வேலை செய்கிறவன் கை இவ்வளவு மிருதுவாக இருக்குமா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். அவர் சோதனைக்கு எழுதாமலே பேனாவை மூடிவிட்டு, அதே மருந்து, அதே பம்பு, அதே ஆறு மாதம், இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உனக்கு வந்தது மருந்தால் என்று நான் எப்படியப்பா எழுதுவது என்று மாணிக்கராஜைக் கேட்டார். கேட்டதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

மாணிக்கராஜ் முனிரத்தினத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை போதும். சார், அவர் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள் என்றால் முடிந்தது. அவன் சொல்லவில்லை. முனிரத்தினமும் சொல்லவில்லை. அவன் கண்முன் நின்றது மாட்டுவண்டி. அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் மாணிக்கராஜ் மெதுவாகச் சொன்னான்.

"நான் சொல்லலண்ணா. எம்பொண்ணு மேல ஆணை வெச்சிருந்தேனே."

திரும்புகிற ரயிலில் அவன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான். கோபித்துக்கொண்டு இல்லை, கூட்டத்தில் பிரிந்துவிட்டோம் என்று முனிரத்தினம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொள்வதில் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

ஒரு மாதத்தில் போர்டின் முடிவு வந்தது. நோய்க்கும் பட்டாளத்து வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்று முத்திரை குத்தி எழுதியிருந்தது. மச்சான் அதை ஊருக்கே படித்துக் காட்டினான். சர்க்காரே கைகழுவிவிட்டது, அப்போது இது என்ன நோயோ என்று பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு டீக்கடையில் தனி டம்ளரில்கூட டீ தரவில்லை. ஆடி மாதம் பம்புசெட் கொட்டகையில் ஒரு ஆணி காலில் ஏறியது. மரத்த கால், ஏறியது அவனுக்கே தெரியவில்லை. சீழ் வைத்து, நாற்றம் வந்த பிறகுதான் சரோஜம்மா துணிச் சுற்றை அவிழ்த்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டிக்காரன் ஒருவனும் ஏற்றவில்லை. இரண்டு நாள் கெஞ்சி மூன்றாம் நாள் ஒரு வண்டி கிடைத்தது. மாணிக்கராஜின் உயிர் வழியிலேயே போய்விட்டது.

முனிரத்தினம் ஷிஃப்ட் முடிந்து கேஜ் லிஃப்டில் மேலே வந்தபோது சேதி தெரிந்தது. பேத்தமங்களா போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டிருந்தார்கள். தொட்டுத் தூக்கக் கூலிக்கு ஆள் பிடித்தார்களாம். சரோஜம்மா அவனைத் திட்டவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானசுந்தரி வழக்கம்போல் சுடுதண்ணீர் வைத்தாள். முனிரத்தினம் மறைப்புக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஞானசுந்தரி இரண்டு வாரம் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் பிளேடை எடுத்து அடுப்பில் போட்டாள். ஆறு வாரத்தில் கை பழையபடி தடித்து வெடித்தது. அந்தக் கையோடு பெங்களூருக்கு ரயில் ஏறினான்.

மேஜர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். கையில் தடித்த தோலைத் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பாஷாணம் செய்த வேலைதான் என்று வந்தது. மருந்தால் வந்தது, யாருக்கும் தொத்தாது, சிகிச்சைக்கும் பென்ஷனுக்கும் தகுதி உண்டு என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தார்கள். மாணிக்கராஜ் கேட்ட அதே காகிதம், முனிரத்தினத்தின் பேரில்.

மாணிக்கராஜுக்கும் இப்படி எழுதிக்கொடுங்கள் சார் என்று கும்பிட்டான். மேஜர் முடியாது என்று தலையாட்டினார்.

"போர்டு உடம்பைப் பார்த்துத்தான் எழுதணும். உடம்பு இல்ல. அந்த ஃபைலை மூடினது உன் சாட்சியம். மனு போடு. ஆனா அப்ப நல்லா இருக்கேன்னு சொன்ன சாட்சியும் நீதான், இப்ப மாத்திச் சொல்ற சாட்சியும் நீதான். எதை நம்பறதுன்னு மேலே கேப்பாங்க," என்றார்.

இன்னொன்றும் நடந்தது. சுரங்கத்து டாக்டரிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினான், வேலை போனால் போகட்டும் என்று. அவர் படித்துவிட்டு, நோய்க்குப் பேரும் காரணமும் தெரிந்துவிட்டதே, மேலே, தொழிலாளிகளுக்கு விளக்கு கொடுக்கிற அறையில் வேலை செய் என்று மாற்றிவிட்டார். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. வீடு அப்படியே நின்றது. பேர் தெரியாத நோய்க்கு மாணிக்கராஜின் வீடு போனது, பேர் தெரிந்த நோய்க்கு இவன் வீடு நின்றது. எந்தப் பயத்துக்காக ஒரு மனுஷன் உயிர் போனதோ, அந்தப் பயமே வீண் என்று ஆனது. இதை ஞானசுந்தரியிடம் சொன்னபோது அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

பேத்தமங்களாவுக்குப் போய்ச் சரோஜம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் யாருடைய கேழ்வரகுக் கொல்லையிலோ கூலிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மகள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முனிரத்தினம் காகிதத்தைக் காட்டினான், மனு எழுதப்போகிறேன் என்றான், மன்னிச்சிடும்மா என்று அழுதான். சரோஜம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். காகிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"மனு போடுங்கண்ணா, வோணாங்கல. உங்க மேல கோவப்படக்கூட எனக்குத் தெம்பு இல்ல. லைன்ல வேலை போயிடும்னு நோவ மறைக்கிறீங்க, அது உங்க பாடுன்னு நெனச்சிக்கினு கீறீங்க. உங்க பாடு மட்டும் இல்லண்ணா. நீங்க நல்லா இருக்கேன்னு சொன்ன ஒரு பொய்யி, எங்க வூட்டுக்காரரு சொன்ன நெஜத்தப் பொய்யாக்கிச்சி. ஒருத்தன் நோவ மறைச்சா பக்கத்துல நிக்கிறவன் நோவையும் சேத்துப் பொதைக்கிறான். போயி உங்க லைன்ல வூடு வூடாச் சொல்லுங்க. அடுத்த மெடிக்கல் வர்றதுக்குள்ள சொல்லுங்க."